செல்ஃப் எடுக்காத வண்டி

சாவியைத் திருகினால் ஒரு முனகல், அவ்வளவுதான். தேவஇரக்கம் இன்னொரு தடவை திருகினார். எஞ்சின் பக்கம் டக்கென்று ஒரு சத்தம், பிறகு அதே முனகல், பல்வலிக்காரன் தூக்கத்தில் முனகுவதுபோல, பிறகு ஒன்றுமில்லை. ஹெட்லைட்டைப் போட்டார். பட்டறைச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் பளீரென்று விழுந்தன. லைட் எரியும்போதே சாவியைத் திருகினார். முனகல் வந்தது, வெளிச்சம் துளிகூட மங்கவில்லை. சரி, வெளிச்சம் மங்கவில்லை என்றால் பேட்டரியில் குற்றமில்லை. பேட்டரியில் குற்றமில்லை, ஆனால் செல்ஃப் மோட்டார் சுற்றமாட்டேன் என்கிறது, அப்படியானால். அப்படியானால் என்ன? அந்த இடத்தில் வந்து மனசு நின்றுவிட்டது. அடுத்தது தொண்டைவரை வந்திருக்கிறது, வாய்க்கு வரவில்லை. இது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. நேற்று டெஸ்ட் லாம்ப் பிடிக்கக் கற்றுக்கொண்டவன்கூடச் சொல்லிவிடுவான். பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரிவரைக்கும் ரோட்டோரம் படுத்துவிட்ட வண்டிக்கெல்லாம் இரக்கத்தைக் கூப்பிடு என்றுதான் ஆள் அனுப்புவார்கள். அந்த இரக்கம் இப்போது டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓட்டி விளையாடும் பிள்ளைபோல உட்கார்ந்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். தகரக் கூரை வெயிலில் கிடந்து படபடக்கிறது. மெக்கானிக் மாசானம் எங்கே போய்த் தொலைந்தான்? அவன் ஸ்கூட்டரையும் காணோம். சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆள் இல்லையே அவன். போன் போட்டுக் கேட்கலாம். கையில் போனை எடுத்தார், அவன் பெயர்வரைக்கும் போனார், அழுத்தவில்லை. "சொல்லிட்டுத்தானே அண்ணாச்சி வந்தேன்" என்று அவன் சொல்லிவிட்டால்? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலிலிருந்து வருவோம். முதல் எது? வண்டி வக்கீல் சிதம்பரநாதனுடையது, சாம்பல் நிற அம்பாசிடர், அவர் அப்பா காலத்து வண்டி. புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது என்று கொண்டுவந்து விட்டார். எஞ்சினை இறக்கி லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, மாசானம் திரும்ப ஏற்றிவிட்டான். எஞ்சின் அவன் வேலை, வயர் இவர் வேலை. ஒரே கூரைதான், ஆனால் கோடு கிழித்த மாதிரி. மெக்கானிக் வயரைத் தொடமாட்டான், எலக்ட்ரீசியன் எஞ்சின் போல்ட்டைத் தொடமாட்டான், தொட்டால் மானக்கேடு. எஞ்சின் இறங்குவதற்கு முன்னால் வயரைக் கழற்றிக் கொடுப்பவர் இவர், எஞ்சின் ஏறியபிறகு மாட்டிக் கொடுப்பவரும் இவர். மற்றவர்கள் கழற்றும்போது ஒவ்வொரு வயரிலும் கலர் நூல் கட்டி வைப்பார்கள். இவர் கட்டியதே இல்லை. "நூலு கட்டுதவன் தையக்கடைக்குப் போகட்டும்" என்று கேலி பண்ணியிருக்கிறார். எல்லாம் தலைக்குள் இருந்தது. இருக்கிறது. இருக்கிறதா? சொல்லிப் பார்த்துவிடுவோம். வெள்ளையில் சிவப்புக் கோடு செல்ஃப் சொலினாய்டுக்கு. பச்சையில் நீலக் கோடு டெம்பரேச்சர் முள்ளுக்கு. வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் லைட்டுக்கு. வெள்ளையில் கறுப்புக் கோடு காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு. அடிசக்கை, ஒன்று விடாமல் வருகிறது. அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை, வெயில், வயசு, ராத்திரி சரியான தூக்கமில்லை, யானைக்கும் அடி சறுக்கும். அப்படித்தான் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொண்ட மறுநிமிஷமே அந்தத் தேறுதல் கலைந்தது, ஏனென்றால் அண்ணனுக்கும் பதினாறாம் வாய்ப்பாடு கடைசிவரைக்கும் தடுமாறவில்லை.

அண்ணன் ஞானசிகாமணி ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவர் பெயரைச் சொன்னால் பையன்கள் வேறு தெரு வழியாகப் போவார்கள். ரிட்டயர் ஆனபிறகு ஒரு நாள் டீயில் உப்பைப் போட்டுக் கலக்கினார், எல்லாரும் சிரித்தார்கள். இரக்கமும்தான் சிரித்தார். பிறகு ஒரு கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு நாள், இதே பட்டறைக்கு, இதே மாதிரி ஒரு வெயிலில், பனியனை மறுபக்கமாகப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். இவர் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "தம்பி, இங்கன தேவஇரக்கம்னு ஒரு எலக்ட்ரீசியன் உண்டாம்லா? என் கூடப்பொறந்தவன்" என்றார் அண்ணன். இவருக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. உண்டு என்றார். "ஆளு எப்படி?" தங்கமான ஆளு என்றார். அண்ணனுக்கு முகமெல்லாம் திருப்தி. "சின்னதுல படு மக்கு. அதான் என்னமும் பொழைக்கானான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். அந்த வேனின் வயரெல்லாம் இரக்கத்தின் கண்ணுக்கு முன்னால் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. அது இருக்கட்டும், இப்போது எதற்கு அது? செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை வெளியே எடுத்து, தரையில் வைத்து, பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொட்டால் துள்ளிக்கொண்டு சுற்றினால் மோட்டாரில் குற்றமில்லை. அவ்வளவுதானே. அண்ணனுக்குக் கடைசியில் தண்ணீரை விழுங்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு தன் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மைனி அவர் தொண்டையைத் தடவித் தடவி, முழுங்குங்க, முழுங்குங்க என்பாள். நாளைக்குத் தன் வீட்டுக்காரி ரெத்னபாய் அப்படி டம்ளரோடு நிற்பாளா? அவளுக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது.

நினைத்த மாதிரியே போன் அடித்தது, ரெத்னபாய்தான். "சாப்ட்டாச்சா?" ஆச்சு என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கொழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சோ?" இல்லையே, சரியாத்தான் இருந்துச்சி. "நான் இப்பத்தான் வாயில வச்சேன், கடலத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு. நீங்க எப்படித்தான் தின்னீங்களோ. வரும்போது மாத்திர வாங்கணும், மறந்திராதீங்க." மறந்திராதீங்க என்று அவள் இன்றைக்கா புதிதாகச் சொல்கிறாள், கல்யாணம் ஆன நாள் முதல் சொல்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் அந்தச் சொல் முள்ளாகக் குத்துகிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ? போன வாரம் வேதக்கோயிலில் ஜெபத்தின் பாதியில் வார்த்தை நின்றுபோய் வாயை மட்டும் அசைத்தபோது, பக்கத்தில் நின்ற அவள் திரும்பிப் பார்த்தாளே. போனை வைத்துவிட்டு என்ன குழம்பு என்று யோசித்தார். குழம்பு என்றால் நிறம் இருக்கும், வாசனை இருக்கும். ஒன்றும் வரவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்ப் பார்த்தார். தூக்குச்சட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, அவர் கவிழ்க்கிற மாதிரியே, மூடி தனியாக, கைப்பிடி சுவரைப் பார்த்து. அப்படியானால் சாப்பிட்டிருக்கிறார். விரலை முகர்ந்து பார்த்தார், சோப்பும் கிரீஸும்தான் வாசனை. வயிற்றைத் தடவிப் பார்த்தார், அது காலியா நிறைந்ததா என்று வயிற்றுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. கடவுளே, இன்றைக்கு மத்தியானம் எங்கே போனது? காலையில் பட்டறையைத் திறந்தது நினைவிருக்கிறது. வயர்களை மாட்டியது நினைவிருக்கிறது. மாசானம் சாவியைத் திருகினான், முனகியது, "என்ன அண்ணாச்சி இது" என்றான், நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இந்த வெயில், இந்தச் சீட்டு, இந்த முனகல். நடுவில் யாரோ கத்தரி வைத்து வெட்டி எடுத்துவிட்டார்கள். குழாயைத் திறந்து தலையைக் கொடுத்தார், தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது.

வேலையைப் பார், வேலையைப் பார். வேலையில் கை இருக்கும்வரைக்கும் ஒன்றும் போகாது. இது அவருடைய மந்திரம். இந்த வண்டியில் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மூளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கண்டுபிடிக்காவிட்டால் அண்ணன் வழிதான். இப்படி ஒரு பந்தயத்தை அவரே கட்டிக்கொண்டார், கட்டச் சொன்னது யார்? ஆனால் கட்டியபிறகு அவிழ்க்க முடியவில்லை. பானெட்டுக்குள் குனிந்தார். செல்ஃப் மோட்டார் போல்ட்டைப் பார்த்தார். ஸ்பானர் பிடித்த தடம் புதுசாக மின்னியது. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மாசானமாக இருக்குமோ? செல்ஃப் மோட்டார் எலக்ட்ரீசியன் வேலை, அவன் எதற்குத் தொடுகிறான்? கோபம் வந்தது. கோபம் வந்தது ஒருவகையில் சுகமாக இருந்தது, பயத்தைவிடக் கோபம் எவ்வளவோ மேல். கீழே தரையில், பேட்டரி வயர் உரசிப் பொறி பறந்த கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அப்படியானால் மோட்டாரைத் தரையில் வைத்து ஓட்டியும் பார்த்திருக்கிறான். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊர்சுற்றப் போய்விட்டான். வரட்டும், வைத்துக்கொள்கிறேன். மோட்டாரும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள். பேட்டரியும் நன்றாக இருக்கிறது. மாமியாரும் நல்லவள், மருமகளும் நல்லவள், வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை. பேட்டரி டெர்மினலை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. சுவிட்சிலிருந்து கரண்டு வருகிறதா என்று டெஸ்ட் லாம்பை வைத்தார், எரிந்தது. போகிறது, போகிறது, எல்லாம் சரியாகத்தான் போகிறது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கர்த்தாவே, இந்த ஒரு வண்டியை மட்டும் தாரும், இனிமேல் எதையும் கேட்கமாட்டேன். நாளைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், ரெத்னபாய் பெயரை எடுத்துக்கொள்ளும், என் பெயரை எடுத்துக்கொள்ளும். இல்லை, அவள் பெயர் வேண்டாம், அதைத் தொடாதேயும். பேரம் பேசுவதும் சரியாக வரவில்லை. செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டின் ரப்பர் பொத்தானை வலது கட்டைவிரலால் நேராக அழுத்தினார். முனகியது. விடாமல் அழுத்தினார். முனகு, முனகிக்கொண்டே கிட. சாய்வதற்கு இடது கையை எதிலோ ஊன்றியிருந்தார், அது சுட்டது.

வெடுக்கென்று கையை இழுத்தார். வெயிலில் சுட்ட சூடு இல்லை அது. சோக் கேபிள். டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ஒல்லிக் கம்பி, அதன் மேல் உறை இளகி நாற்றம் அடித்தது. சோக் கேபிளுக்குச் சூடு ஏறவேண்டிய அவசியம் என்ன? அதில் கரண்டே கிடையாது, அது வெறும் இழுவைக் கம்பி. கரண்டு இல்லாத கம்பியில் கரண்டு ஓடுகிறது என்றால், ஓடவேண்டிய வழி அடைபட்டிருக்கிறது. போறதப் பாக்காதலே, வாரதப் பாரு. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் இதை. எஞ்சினுக்குப் போன கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். அதற்கும் பாடிக்கும் நடுவில் தாமிரம் பின்னிய ஒரு பட்டை உண்டு, எர்த் பட்டை, அது வழியாகத்தான் திரும்பும். அது இல்லை. எஞ்சின் இறக்கும்போது கழற்றியது திரும்ப ஏறவில்லை. எப்படி ஏறும்? போல்ட் போட்டு முறுக்குகிற சாமான், ஆகவே மெக்கானிக் வேலை என்று இவர் விட்டிருப்பார். கரண்டு போகிற சாமான், ஆகவே எலக்ட்ரீசியன் வேலை என்று அவன் விட்டிருப்பான். ரெண்டு பேரும் கோடு கிழித்த லட்சணம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தனியாக நின்றுகொண்டு சத்தமாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கவில்லை. போகவில்லை, ஒன்றும் போகவில்லை, அண்ணனுக்கு வந்தது தனக்கு வரவில்லை. அண்ணனால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? அண்ணன் வாத்தியார், அவருக்கு சோக் கேபிள் என்றால் என்னவென்றே தெரியாது என்பது வேறு விஷயம். மாசானம் வரட்டும். "எர்த் பட்டை எங்கலே?" என்று கேட்க வேண்டும், அவன் முழிக்கிற முழியைப் பார்க்க வேண்டும். ராத்திரி ரெத்னபாயிடம் சொல்ல வேண்டும், அவளுக்குப் புரியாது, ஆனாலும் சொல்ல வேண்டும். பசித்தது. இப்போது நன்றாகவே பசித்தது.

பட்டை மாட்டுகிற இடத்தைப் பார்க்கலாம் என்று விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தார். இத்தனை வருஷத்து மண்ணும் ஆயிலும் பெயிண்டும் அப்பிக்கிடக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்தால்தான் எர்த் பிடிக்கும். விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பாடியில் போல்ட் துவாரத்தைச் சுற்றி, வட்டமாக, வெள்ளிபோல மின்னியது. யாரோ தேய்த்து வைத்திருக்கிறார்கள். வட்டத்தின் விளிம்பில் துரு பிடிக்காமலிருக்க ஒரு விரல் கிரீஸும் தடவியிருந்தது. தேய்த்த இடத்தைச் சுற்றி கிரீஸ் வைக்கிற பழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. மாசானத்துக்கும் கிடையாது, எத்தனை தடவை சொன்னாலும் செய்யமாட்டான். விளக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு வலது கை விரல்களைப் பார்த்தார். நகக் கண்ணில் சாம்பல் நிறப் பெயிண்ட் தூள். நகத்தால் நகத்தைக் கிள்ளித் தூளை எடுத்துப் பார்த்தார். அந்த வண்டியின் பெயிண்ட்தான். அதற்குமேல் அவர் எதையும் யோசிக்கவில்லை, யோசிக்கக் கூடாது என்று இருந்தது. தரை முதுகில் சுட்டது, அப்படியே கிடந்தார். வெளியே ஸ்கூட்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஸ்டாண்ட் போட்ட சத்தம். செருப்புச் சத்தம்.

"அண்ணாச்சி, அடியில கெடக்கீங்களா? ஜங்ஷன்ல எங்கயும் கெடைக்கல. டவுன் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றான் மாசானம். பேப்பரில் சுற்றிய ஒன்று வண்டிக்கு அடியில் நீண்டது. "நீங்க சொன்ன நீளத்துக்கு ரெண்டு விரக்கடை கூடத்தான் இருக்கும். பரவால்லலா?"

பேப்பரைப் பிரித்தார். புதுத் தாமிரப் பட்டை, இரண்டு பக்கமும் துவாரம். "பரவால்ல" என்றார். குரல் சரியாகத்தான் வந்தது. "பதினாலாம் நம்பர் குடு." ஸ்பானர் வந்தது. கை தானாக வேலை செய்தது, அதற்கு எந்தக் குழப்பமும் இல்லை. போல்ட்டை முறுக்கி, இழுத்துப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று முறுக்கி, வெளியே வந்தார். மாசானம் ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருகினான். அரை நொடிகூட இல்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது, புது போர் போட்ட எஞ்சினுக்கே உள்ள அந்த இறுக்கமான சத்தத்தோடு ஓடியது. ஆயில் லைட் அணைந்தது. டெம்பரேச்சர் முள் ஒழுங்காகக் கீழே நின்றது.

"செல்ஃபக் கழத்திப் பாத்து மாட்டிட்டு, கேபிள்ல கைய வச்ச ஒடனே எர்த்துன்னுட்டீங்களே" என்று மாசானம் இறங்கி வந்தான். "சாப்பிட்டுக் கைகூடக் கழுவல, அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்க. நான்லாம் இன்னைக்கு முழுசும் எஞ்சினப் பிரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

தேவஇரக்கம் கரித்துணியால் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் துடைத்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, சத்தம் இருப்பது நல்லதாகப் பட்டது.

"மாசானம். நீ கெளம்பும்போது நான் வேற எதும் சொன்னனா?"

மாசானம் பானெட்டின் ஓரத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"சொல்லு."

"அதெல்லாம் எதுக்கு இப்ப."

"சொல்லுலே."

அவன் கிட்டே வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, எஞ்சின் சத்தத்துக்குள் பாதி முங்கிப் போகிற மாதிரி சொன்னான். "வாத்தியார் அண்ணாச்சிக்கு வந்தது ஒங்களுக்கும் வந்துட்டோன்னு பயமா இருக்குன்னீங்க. அந்தா, அந்த டயர் மேல உக்காந்து அழுதீங்க. வீட்ல மைனிக்குத் தெரிய வேண்டாம், யார்ட்டயும் சொல்லிராதன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டீங்க."

தேவஇரக்கம் அந்த டயரைப் பார்த்தார். வெறும் டயர்தான். அவர் கை மாசானத்தின் கையைத் தேடிப் பிடித்தது.

"சொல்லிராத" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றான் மாசானம், முதல் தடவையாகக் கேட்கிறவன்போல.